இரண்டு எடைப்பெட்டிகள்

அத்தியாயம் 14

அன்று காலை பூஜையில் நின்றவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு வராதவர்கள் வந்ததாகவும், வந்தவர்கள் வராததாகவும் ஊரில் பேசினார்கள்.

சுப்பராயலு தராசுக் கம்பெனியின் மூத்தவர் இராஜமாணிக்கம். அவர் மனைவி அபிதகுசாம்பாள். அவர்களுடைய மகள் ஹேமலதா. கம்பெனியின் எடை அறை அவள் பொறுப்பு. காலமான தம்பி குப்புராஜின் மகன் ஜெயக்குமார். நிர்வாகம் அவன் கையில். அவனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தை மாதம் வந்தவாசியிலிருந்து வந்த காவ்யா. பட்டறையின் மூத்த மேஸ்திரி சத்தியராஜ். கர்த்தரைக் கும்பிடுகிறவர் என்றாலும் நிறுவனர் நாளன்று தவறாமல் வந்து கைகட்டி ஓரமாக நிற்பார். அவருக்குப் பின்னால் பட்டறை ஆட்கள். அவ்வளவுதான்.

சுவரில் இராஜமாணிக்கத்தின் அப்பா, நிறுவனர் சுப்பராயலுவின் படம். அதற்குக் கீழே, பூஜைக்காக எடை அறையிலிருந்து எடுத்து வந்த ஈட்டிமரப் பெட்டி; அதில் அவர் கையால் கடைந்த பித்தளை எடைக்கற்கள். அந்தக் கற்களால் இப்போது யாரும் எதையும் எடை போடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவதோடு சரி. தேய்த்து வைப்பது வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகளின் வேலை. ஒரு காலத்தில் அபிதகுசாம்பாள் செய்தாள். அப்புறம் ஜெயக்குமாரின் அம்மா. இந்த வருஷம் காவ்யா.

கற்கள் பொன்னாக மின்னின. நேற்று சாயங்காலம் அந்தப் பெண் ஏதோ கேள்வி கேட்டு இராஜமாணிக்கத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பரவாயில்லை, கெட்டிக்காரிதான் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

கற்பூரம் காட்டும்போதுகூட அவர் மனசு பூஜையில் நிற்கவில்லை. போன வாரம் இதே கூடத்தில், எல்லார் முன்னிலையிலும் கொடுத்த வாக்கு அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி 'சுப்பராயலு' என்ற பெயரை மட்டும் விலைக்குக் கேட்டிருந்தது. பட்டறை வேண்டாம், ஆட்கள் வேண்டாம். எங்கிருந்தோ வந்து இறங்கும் தராசுகளின் மேல் ஒட்டப் பெயர் வேண்டும். ஜெயக்குமாருக்கு அதில் கொள்ளை ஆசை. நாள் தவறாமல் நச்சரித்தவனிடம் இராஜமாணிக்கம் கடைசியில் சொல்லிவிட்டார்: "எடைக்கல்லு சரிபாக்குற அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். வர்ற அதிகாரி நம்ம எடை அறையைப் பாத்துச் சரின்னு சொல்லிட்டாங்கன்னா, இந்தப் பேச்சை நீ மறுபடியும் எடுக்கக்கூடாது. சரின்னு சொல்லாம திரும்பிப் போயிட்டாங்கன்னா, நீ நீட்டுற காகிதத்துல நான் கையெழுத்துப் போடறேன்."

அந்த அதிகாரி வருகிற நாள்தான் இன்று.

* * *

வாசலில் ஜெயக்குமார் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து அன்றைய எரிச்சல் ஆரம்பமானது.

'ஓர் ஏழை நெசவாளியின் கனவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு கிழவர் தறியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார்ரா இந்தாளு?"

"மாடல் போட்டோ பெரியப்பா. ஏஜென்சிக்காரங்க போட்டது."

"உள்ள எங்கப்பன் படத்துக்கு மாலை போட்டுட்டு, வெளிய எவனையோ உக்கார வெச்சிருக்கியே. அவரு தறியிலயே உக்காந்தது கிடையாது. கனவும் காணல. தராசு செஞ்சாரு."

"கஸ்டமருக்கு ஒரு கதை வேணும் பெரியப்பா. இன்னிக்கு எல்லாம் கதைதான்."

"நடந்த கதை இருக்குதே. அதுக்கு இன்னா கேடு?"

"அது நீளம். ஃப்ளெக்ஸ்ல புடிக்காது."

சத்தியராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். இராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

நீளம்தான். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? சுப்பராயலு பட்டுக் கடையில் கணக்கெழுதப் போனவர். முதலாளி நூலை எடை போட்டு நெசவாளியிடம் கொடுப்பார். நெசவாளி சேலையாக்கிக் கொண்டுவந்தால் மறுபடியும் எடை போடுவார். மழை நாளில் கொடுத்த நூல் வெயில் நாளில் சேலையாக வந்தால் எடை குறையும். பட்டு ஈரத்தைக் குடிக்கிற ஜாதி; காற்று காய்ந்தால் கக்கிவிடும். ஆனால் கடையில் அது யாருக்கும் நினைவிருக்காது. 'நூலைத் திருடிட்டான்' என்பார் முதலாளி. 'தராசு பொய்யி' என்பான் நெசவாளி. கைகலப்புகூட ஆகும்.

சுப்பராயலு இரண்டு காரியம் செய்தார். காற்று ஆட்டாதபடி கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு தராசு செய்தார். அதோடு, எல்லார் கண்ணிலும் படும்படி கடையில் பட்டு நூற்சுருள் ஒன்றை, ஒரு சிட்டத்தை, தொங்கவிட்டார். நூல் கொடுக்கிற அன்றைக்கும் அந்தச் சிட்டத்தை எடை போட வேண்டும், சேலை வருகிற அன்றைக்கும் எடை போட வேண்டும். அது எவ்வளவு இளைத்ததோ அந்தக் கணக்குக்குச் சேலையும் இளைத்திருந்தால் நெசவாளி மேல் குற்றமில்லை. அதற்குச் 'சாட்சிச் சிட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அதைத் தொட முதலாளிக்கும் உரிமை கிடையாது, நெசவாளிக்கும் கிடையாது.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட தராசு என்று பேர் பரவியது. பட்டுக் கடைகளுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. ஜில்லா முழுக்க இரசாயன வகுப்பில் சுப்பராயலுவின் பௌதிகத் தராசு. பிறகு சர்க்கரை ஆலைகள், தோல் தொழிற்சாலைகள். மின்னணுத் தராசு வந்தபோது கம்பெனி படுத்தே விட்டது. தம்பி குப்புராஜ்தான் பெங்களூர் போய்க் கற்றுக்கொண்டு வந்து தூக்கி நிறுத்தினான். அன்றைக்கு அவனோடு இராஜமாணிக்கம் பேச்சுவார்த்தையை நிறுத்தியதும், பிறகு புதுத் தராசு விற்க ஆரம்பித்தவுடன் தானே போய் அவன் வீட்டில் காப்பி குடித்ததும் ஊரறிந்த விஷயம்.

இப்போது மூன்றாவது மாற்றம். மருந்துக் கம்பெனிகள் தங்களிடம் இருக்கும் எடைக்கற்களைச் சரிபார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தன. அங்கீகாரம் கிடைத்தால் ஆரணியில் குத்துகிற முத்திரை நாடு முழுவதும் செல்லும். அதற்காக நாலு வருஷமாக ஹேமலதா அந்த எடை அறையே கதி என்று கிடந்தாள்.

"அந்த பேனரைக் கழட்டு."

"பெரியப்பா, ஆபீசர் வர்ற நேரத்துல பேஜார் பண்ணாதீங்க."

"கழட்டுன்னேன்."

ஜெயக்குமார் கழற்றவில்லை. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவர் சொன்னதைக் கேட்காமல் ஒருத்தன் திரும்பிப் போவது இந்த வாரத்தில் எத்தனையாவது தடவை என்று இராஜமாணிக்கம் எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

* * *

அதிகாரி ஃப்ளோரன்ஸ் நேற்று மாலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கியவர். ஹேமலதாதான் போய் அழைத்து, வேலூரில் தங்க வைத்துவிட்டு வந்தாள். காரில் இன்று வந்து இறங்கியதும் பேனரைப் பார்த்தார். பிறகு உள்ளே படத்தைப் பார்த்தார்.

"வெளிய இருக்கறவரு யாருங்க?"

"தெரியாதும்மா" என்றார் இராஜமாணிக்கம். ஜெயக்குமார் இருமினான்.

"நான் போளூர்ல படிச்சவ சார். எங்க ஸ்கூல் லேப்ல உங்க தராசுதான். கண்ணாடிக் கதவை மூடாம எடை போட்டா, டீச்சர் ஸ்கேலால கை மேலயே போடுவாங்க."

இராஜமாணிக்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆனா அதெல்லாம் இன்னிக்குக் கணக்குல வராதுங்க" என்று ஃப்ளோரன்ஸ் சிரித்தபடியே சொன்னார். "மொதல்ல பேப்பரெல்லாம் பாத்துடறேன். அப்புறம் நான் கொண்டுவந்த கல்லை ஹேமலதா எடை போட்டுக் காட்டட்டும். அதோட நிஜ எடை எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவரை அலுவலக அறையில் உட்காரவைத்து, ஜெயக்குமார் தேநீர் வரவழைத்தான். ஹேமலதா எடை அறைக்குப் போனாள். இராஜமாணிக்கமும் பின்னாலேயே போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றார்.

எடை அறையில் மின்விசிறி கிடையாது. ஜன்னல் கிடையாது. பேச்சும் கூடாது, மூச்சுக் காற்றுக்கே தராசின் எண்கள் ஆடும் இடம். அங்கே மேடைமேல் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. அதில்தான் கம்பெனியின் தலைமைக் கற்கள். துருப்பிடிக்காத எஃகு. கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பெங்களூரில் சரிபார்த்து, சான்றிதழோடு போன மாதம்தான் வந்தன. மற்ற எல்லாக் கற்களும் பொய்யா மெய்யா என்று சொல்ல வேண்டிய கற்கள் அவை. பழையதாக இன்னொரு செட்டும் அங்கேயே பூட்டிய பீரோவில் இருந்தது. அதன் சான்றிதழுக்குத் தேதி முடிந்து போயிருந்தது.

பரிசோதனைக்கு முன்னால் கை பழகுவதற்காக ஹேமலதா தலைமைக் கல்லையும் பீரோவிலிருந்த கல்லையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள். இன்னொருமுறையும் வைத்தாள்.

"இன்னா ஹேமா?"

"குறையுதுப்பா."

"எது?"

"தலைமைக் கல்லு. சான்றிதழ்ல இருக்கறதவிடக் குறையுது."

அவள் அடுத்த கல்லை எடுத்தாள். அதுவும் குறைந்தது. குறைந்தது என்றால் கொசு இறக்கை அளவுகூட இல்லை. பட்டுக் கடையிலோ நகைக் கடையிலோ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இது மற்ற கற்களுக்கு நியாயம் சொல்கிற கல்.

ஹேமலதா லென்ஸை எடுத்துக் கல்லின் மேல் பிடித்தாள். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய எஃகில் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். பெட்டியின் வெல்வெட்டில் ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்தாள்.

புளி நார்.

காவ்யாவை நேற்று எடை அறைக்குள் விட்டதே இராஜமாணிக்கம்தான்.

* * *

ஹேமலதா கூப்பிட்டு அனுப்பியதும் காவ்யா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பெட்டியைத் தொட்டியா காவ்யா?"

"ஆமா அண்ணி. ரெண்டு பெட்டி இருந்துச்சு. எதுன்னு தெரியல. எதுக்கு வம்புன்னு ரெண்டையும் தேய்ச்சிட்டேன். பித்தளைக்குப் புளி போட்டேன். இதுல அழுக்கே இல்ல, ஆனாலும் விளக்கு தேய்க்கிற பவுடர் போட்டு நல்லா..." ஹேமலதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தப்பா அண்ணி?"

"எதுன்னு தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே?"

காவ்யா ஒரு கணம் இராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் அவரே சாவியைக் கொண்டுவந்து எடை அறையைத் திறந்துவிட்டார். 'மாமா, எந்தப் பெட்டிங்க?' என்று அவள் கேட்டாள். 'இந்த வீட்டுக்கு வந்து இத்தினி மாசமாச்சு. எந்தப் பெட்டின்னு என்னையே கேக்கறியா? பளபளன்னு இருக்கணும், போ' என்றார். சொல்லிவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் ரெண்டு தடவை உள்ளே போய் ரெண்டு பெட்டியைத் தூக்கிப் போனதை அவர் பேப்பர் படித்துக்கொண்டே விட்டிருக்கிறார்.

"நீ போம்மா" என்றார்.

காவ்யா போனதும் ஹேமலதா கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படாம கேளுங்க. பீரோவுல இருக்கற கல்லு சரியான கல்லு. அது எடை மாறல. ரெண்டும் ஒரே கம்பெனி செஞ்சது, பாத்தா வித்தியாசம் தெரியாது. அதை எடுத்து இந்தப் பெட்டியில வெச்சிட்டா, நான் எடை போட்டுக் காட்டுற கணக்கு அச்சா சரியா வரும்."

"சான்றிதழ்?"

"தேதிதான் முடிஞ்சிருக்கு. எடை முடியலயே. இதுல பொய் எங்கப்பா இருக்கு?"

இராஜமாணிக்கம் கதவைப் பார்த்தார். வெளியே ஜெயக்குமார் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. சென்னைக்காரர்களிடம் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு. இந்தக் கதவைத் திறந்துகொண்டு போய் உண்மையைச் சொன்னால், அதிகாரி சரி என்று சொல்லப் போவதில்லை. சொல்லாமல் போனால் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் அப்பன் பெயர் எவனோ செய்த தராசுக்கு.

"ஹேமா, உன் தாத்தா கடையில தொங்கவிட்ட சிட்டத்தை எவனாவது கழட்டிட்டு, அதே எடையில வேற சிட்டம் மாட்டினா ஒத்துகினு இருப்பாரா?"

"அதே எடைன்னா இன்னா நஷ்டம்?"

"சாட்சியை மாத்திட்டு நியாயம் பேசறதா?"

"உங்க வாக்கு, உங்க சாட்சி, உங்கப்பா பேரு." அவள் குரல் அந்த அறையில் யாரும் பேசாத உயரத்துக்குப் போனது. தராசின் எண்கள் நடுங்கின. "நாலு வருஷம்ப்பா! ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்ல. காத்து ஆடும்னு இந்த அறையில வேர்த்து ஊத்த நின்னேன். அது யார் கணக்குல வருது? சாவியை நீங்க வெச்சிகினு இருந்தீங்க. கெடுத்தது நானா?"

இராஜமாணிக்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே வந்தார்.

* * *

அலுவலக அறையில் ஃப்ளோரன்ஸ் காகிதங்களை முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ரெடிங்களா சார்?"

"இல்லம்மா. தலைமைக் கல்லு எடை இறங்கிப் போயிருக்கு. தேய்ச்சிட்டோம்."

"தேய்ச்சிட்டீங்களா?"

"பூஜைக்கு. விளக்கு தேய்க்கிற பவுடர் போட்டு."

ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை. அதற்காக இராஜமாணிக்கம் அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். ஜெயக்குமார்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"யார் தேய்ச்சாங்க?"

வாசலில் நின்ற காவ்யா, "நான்தாங்க" என்றாள்.

"உனக்குப் புத்தி இருக்குதா? எம்.எஸ்ஸி. படிச்சவ தானே நீ? ஆபீசர் வர்ற அன்னிக்கு எந்தப் பெட்டி, என்னன்னு ஒருத்தரையும் கேக்க மாட்டியா?"

அவள் அப்போதும் மாமாவைக் கேட்டதைச் சொல்லவில்லை. அபிதகுசாம்பாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். சத்தியராஜ் பட்டறை வாசலில் நின்றார். இத்தனை பேர் முன்னிலையில் ஒத்துக்கொள்வதா என்று இராஜமாணிக்கத்துக்குக் காது மடல் சுட்டது. கம்முனு இருந்தால் போதும். பழி அவன் மனைவி மேலேயே இறங்கும். 'உன் வீட்டுக்காரி கெடுத்தா, அதனால என் வாக்கு செல்லாது' என்று அடித்துப் பேசக்கூட வழி இருந்தது.

"அந்தப் பொண்ணைத் திட்டாதே" என்றார். "அது கேட்டுச்சு. என்னைத்தான் கேட்டுச்சு. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?" ஜெயக்குமார் நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"சொல்லல. அவ்ளோதான்."

பிறகு காவ்யாவின் பக்கம் பாதி திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனிமே கேட்டா சொல்றேன்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது என்பது அபிதகுசாம்பாளுக்குத் தெரியும். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஃப்ளோரன்ஸ் பேனாவை மூடினார். "நான் கண்டுபிடிச்சிருந்தா, கம்பெனி மேல குறைன்னு எழுத வேண்டியிருக்கும். நீங்களே சொன்னீங்க. அதனால இன்னிக்குப் பரிசோதனை நடக்கலன்னு எழுதறேன். கல்லை மறுபடியும் அனுப்பி, புது சான்றிதழ் வாங்குங்க. நான் திரும்ப வரேன்."

"எப்போம்மா?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க. வரிசை நீளம்."

கார் வரை ஹேமலதா கூடப் போனாள். திரும்பி வரும்போது அப்பாவைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

* * *

மதியச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. இலையிலிருந்து எழுந்ததும் இராஜமாணிக்கம் நேராக எடை அறைக்குப் போனார். வாசலில் செய்தி எழுதும் கரும்பலகையில் 'கற்கள் சரியாகி வரும் வரை இங்கே யாருக்கும் முத்திரை இல்லை' என்று எழுதிவிட்டு, அறையைப் பூட்டினார். பித்தளைப் பூட்டு. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜெயக்குமார் ஓடிவந்தான். "பெரியப்பா, இன்னா பண்றீங்க? சின்னத் தராசுங்களுக்கு அந்தக் கல்லே போதும். ராணிப்பேட்டைக்கு நாளைக்கு அனுப்பணும்."

"எந்தக் கல்லை வெச்சிச் சரின்னு சொல்லுவே?"

"யாருங்க பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

ஜெயக்குமார் பெருமூச்சு விட்டான். கெட்ட பிள்ளை இல்லை அவன். அப்பனைப் போலவே அவசரம். அப்பனைப் போலவே பாதி விஷயத்தில் அவன் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் இராஜமாணிக்கத்துக்குப் பொறுக்காது.

"பெரியப்பா, உங்களை வருத்தப்பட வெக்கணும்னு இல்ல. பட்டறையில இத்தினி பேருக்குச் சம்பளம் போடறது நான். அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் வாக்குக் குடுத்தீங்க. ஆபீசர் சரின்னு சொல்லாம போயிட்டாங்க." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான்.

"பெயிலுன்னும் சொல்லல!" ஹேமலதாவின் குரல் கூடத்துக்குள்ளிருந்து வந்தது. "பரிசோதனை நடக்கலன்னுதான் எழுதியிருக்காங்க. அது எப்பிடிக் கணக்காகும்?"

இராஜமாணிக்கம் கையை உயர்த்தினார். "'சரின்னு சொல்லாம திரும்பிப் போயிட்டாங்கன்னா'ன்னு சொன்னேன். சொல்லல. போயிட்டாங்க. நான் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்குது."

ஜெயக்குமார் பேனாவை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"கையெழுத்துப் போடறேன். ஆனா உன் கையிலிருந்து வாங்கிப் போட மாட்டேன். வாங்குறவன் இங்க வரட்டும். எங்கப்பன் படத்துக்கு எதிர்ல நின்னு, என் மூஞ்சைப் பாத்து, இந்தப் பேரு எனக்கு வேணும்னு கேக்கட்டும். அப்போ போடறேன்."

"அவுங்க பெரிய ஆளுங்க பெரியப்பா. ஆரணிக்கெல்லாம்..."

"பேரு ஆரணியிலதான் இருக்குது. எடுத்துகினு போறவன் வந்துதான் ஆவணும்."

ஜெயக்குமார் கைபேசியோடு வேப்பமரத்தடிக்குப் போனான். ரொம்ப நேரம் பேசினான். சிரிப்பு கேட்கவில்லை. திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை வராங்க" என்றான். அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது.

பின்வாசலில் சத்தம் கேட்டு இராஜமாணிக்கம் திரும்பினார். ஹேமலதா தோளில் பையோடு நின்றாள். கையில் எடைப்பெட்டி. அவர் பூட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறாள்.

"எங்கே?"

"பெங்களூர். கல்லை நானே கொண்டு போறேன். கூரியர்ல போட்டா மாசக் கணக்காகும். அங்க சரிபாக்குற எடத்து வாசல்லயே உக்காந்து எடை போட்டு வாங்கிகினு வரேன். கையெழுத்துக்கு முன்னாடி ஆபீசர் மறுபடியும் வந்துடட்டும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"முடியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். எடை அறையில் சண்டை போட்ட பிறகு அவள் அவரோடு பேசியது இப்போதுதான்.

காவ்யாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். "அண்ணிகூட நானும் போறேன் மாமா. ரெண்டு பேர் இருந்தா பெட்டியை மடியிலயே மாத்தி மாத்தி வெச்சிக்கலாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "போலாமாங்க?" என்று கேட்டாள்.

கேட்டால் சொல்வதாக அவர்தானே காலையில் சொன்னார்.

"போ. பெட்டியைக் கீழ வெக்காதீங்க. பஸ்சு ஆட்டம் கல்லுக்கு ஆவாது."

ஜெயக்குமார் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது அந்த இரண்டு பெண்களும் பேனரில் இருந்த கிழவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் நல்ல சத்தம். இராஜமாணிக்கம் சத்தியராஜைக் கூப்பிட்டார்.

"ஏணியை எடு. அந்தாளை இறக்கு."

* * *

பொழுது சாய்வதற்குள் பட்டுக் கடை வீதியில் பேச்சு எழுந்துவிட்டது. சுப்பராயலு கம்பெனியில் கள்ள எடை பிடிபட்டதாம். சென்னையிலிருந்து வந்த அதிகாரியம்மா அங்கேயே சீல் வைத்துவிட்டுப் போனாராம். அவமானம் தாங்காமல் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்.

கள்ள எடை எதுவும் பிடிபடவில்லை. எடை குறைந்ததை அதிகாரியிடம் சொன்னதே அந்த வீட்டுப் பெரியவர்தான். பெண்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. பெங்களூருக்கு வேலையாகப் போனார்கள். எந்த அதிகாரியும் சீல் வைக்கவில்லை. எடை அறையைப் பூட்டியவர் இராஜமாணிக்கம். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.